லிட்டருக்கு ஒன்பது

“ஆறா?” என்றார் கோதண்டபாணி.

“ஆறு கூட முழுசா இல்ல அங்கிள். அஞ்சே முக்கால். நான்தான் மரியாதைக்கு ஆறுன்னு சொல்றேன்,” என்றாள் மெஹக்.

ஒரு லிட்டர் டீசலுக்கு ஒன்பது கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்த வண்டி, கோடை பிறந்ததிலிருந்து ஆறுக்கு இறங்கிவிட்டது. கோதண்டபாணிக்கு முகம் சுருங்கிப் போயிற்று. வண்டி அவருடைய பொறுப்பில் இருந்தது. அது குறைவாக ஓடினால் தானே மூச்சு வாங்குவதாக நினைக்கிற மனிதர் அவர்.

சாதாரண வண்டியாக இருந்தால் இவ்வளவு பேச்சு இருக்காது. அது கேரவன். ஆம்பூரைத் தாண்டி மாதனூர் போகும் வழியில் இருக்கிற அந்த ஷூ கம்பெனிக்கு ஜெர்மனியிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் சரக்கு எடுக்க ஆட்கள் வருவார்கள். கம்பெனியில் அவர்களுக்கு பையர் என்று பெயர். அவர்களைச் சென்னை விமான நிலையத்திலிருந்து அழைத்து வரவும், ராணிப்பேட்டைக்குத் தோல் பார்க்கக் கூட்டிப் போகவும், ஒரு பெரிய வேனை வாங்கி சீட்டுகளையெல்லாம் பிடுங்கிவிட்டு உள்ளே ஒரு வீடே கட்டியிருந்தார்கள். விரித்தால் கட்டிலாகும் சோபா, பிரிட்ஜ், காபி போட அடுப்பு, கை கழுவத் தொட்டி, ஏசி, கூரை மேல் ஒரு சோலார் பேனல். சோபாவுக்குப் போட்டிருந்தது கம்பெனியின் சொந்தத் தோல். பையர் உட்கார்ந்ததும் தடவிப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு.

“இந்த மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன் அங்கிள். பழையபடி ஒன்பது வரணும். வரலேன்னா வண்டிய வித்துட்டு, டிரான்ஸ்போர்ட் மொத்தத்தையும் காண்ட்ராக்ட்ல விட்டுடலாம்னு இருக்கேன்.”

மெஹக் முதலாளி ரஷீத் அஹமதுவின் ஒரே மகள். பெங்களூரில் படிப்பை முடித்துவிட்டு அந்த மாதம்தான் கம்பெனிக்கு வரத் தொடங்கியிருந்தாள். கோபமாகப் பேசத் தெரியாத பெண். அமைதியாகச் சொல்லிவிட்டு அதைச் செய்தும் விடுவாள், அதுதான் பயமாக இருந்தது.

கோதண்டபாணி கம்பெனியின் அட்மின் மேனேஜர். ஒரு காலத்தில் கேன்டீன், தோட்டம், தண்ணீர், வண்டிகள் எல்லாம் அவர் கையில் இருந்தன. சாம்பாரில் புளி வீணாகிறது என்று அவர் கேன்டீனுக்குள் புகுந்து ஒரு வாரம் நின்றதில், தொழிலாளர்கள் எல்லோரும் வீட்டிலிருந்து சோறு கட்டி வர ஆரம்பித்தார்கள். பிறகு கேன்டீன் காண்ட்ராக்டுக்குப் போயிற்று. தோட்டத்துக்கு எந்தத் தண்ணீரைத் திருப்பிவிடலாம் என்று அவர் ஒரு யோசனை செய்தார். இப்போது தோட்டம் இருந்த இடத்தில் சைக்கிள் ஸ்டாண்டு இருக்கிறது. ‘பாவம், முதலாளி என் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்’ என்றுதான் அவர் வீட்டில் சொல்லியிருந்தார். டிரான்ஸ்போர்ட்டும் போய்விட்டால் மிச்சம் இருப்பது ஒரு மேஜையும் நாற்காலியும்தான். அதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

அன்று மத்தியானம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. இருந்தாலும் வழக்கம் போல கேரவனுக்குப் போனார்.

அது கோடையில் வந்த பழக்கம். ஏப்ரலில் கரண்ட் பில்லைக் குறைக்கிறேன் என்று தன் அறையின் ஏசியைத் தானே கழற்றச் சொல்லி, மீட்டிங்கில் கைதட்டு வாங்கியிருந்தார். கைதட்டல் ஓய்ந்து ஒரு வாரத்தில் அந்த அறையில் அப்பளம் பொரிக்கலாம் போல் ஆகிவிட்டது. வேலூர்ப் பக்கத்து வெயிலைப் பற்றி யாரும் அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, ஆனாலும் மறந்துவிட்டார். அந்தச் சமயத்தில் ஒரு நாள் வண்டியைச் சோதிக்கலாம் என்று ஷெட்டுக்குப் போய், ராணிப்பேட்டையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த அதன் கதவைத் திறந்தவர், உள்ளே ஜில்லென்று இருந்ததைக் கண்டார். மேலே சோலார், கீழே ஏசி. வெயில் காயக் காயக் குளிர்ச்சி. காசில்லாத இந்தச் சுகத்தைத் தானே கண்டுபிடித்ததில் அவருக்குக் கொஞ்சம் பெருமை. அன்றிலிருந்து சாப்பிட்ட பிறகு சோபாவில் சாய்ந்து கொஞ்ச நேரம் கண்ணை மூடுவார்.

ஷெட் என்றால் நான்கு தூணும் மேலே தகரமும்தான். அதை ஒட்டியே கம்ப்ரெஸர் ரூம். தையல் ஹாலுக்கும் ஷூவை இழுத்துப் பிடிக்கும் மிஷின்களுக்கும் அங்கிருந்துதான் காற்று போகும். எந்நேரமும் கடகடவென்று சத்தம், தரை லேசாக அதிர்ந்துகொண்டே இருக்கும். கோதண்டபாணிக்கு அது தாலாட்டு.

அன்று அவர் தூங்கவில்லை. சோபாவில் மல்லாந்தபடி யோசித்தார். எழுந்தபோது முடிவோடு எழுந்தார்.

“இன்பராஜ்! ஏர் பில்டர்தான்யா. அடைச்சிக்கிட்டிருக்கும். வண்டிக்கு மூச்சு வாங்க வழியில்ல.”

டிரைவர் இன்பராஜ் ஷெட் தூணில் சாய்ந்து நின்றிருந்தான். நடுவயது, சாது. எதைச் சொன்னாலும் முதலில் ஒரு முறை கம்பெனி மாடியைப் பார்ப்பான். முதலாளியின் அறை அங்கேதான்.

“சார், போன மாசம்தான் மாத்துனோம்.”

“மாத்துனா போதுமா? சுத்தம் பண்ண வேணாமா? தோல் தூசு எவ்ளோ பறக்குது இங்க. கழட்டு.”

“மெக்கானிக்க வரச் சொல்லட்டுமா?”

“எதுக்கு? பக்கத்துல கம்ப்ரெஸர் இருக்குது. ஒரு ஊது ஊதுனா முடிஞ்சது.”

கம்ப்ரெஸர் ரூமிலிருந்து பெரிய ஹோஸைப் பிடுங்கிக்கொண்டு வந்து, பில்டருக்கு நேராகப் பிடித்து முழு வேகத்தில் திறந்தார். தூசு போயிற்று. கூடவே பில்டரின் காகிதமும் போயிற்று. அதே நேரத்தில் ஹாலில் காற்று நின்று மிஷின்கள் வரிசையாக வாயைத் திறந்தபடி நின்றுவிட்டன. சூப்பர்வைசர்கள் ஓடி வந்தார்கள். ஹோஸைத் திரும்பச் செருகி எல்லாம் ஓடத் தொடங்க ஒரு மணி நேரம் பிடித்தது. அன்று அனுப்ப வேண்டிய சரக்கு லாரி ஏறவில்லை.

“பரவால்ல,” என்றார் கோதண்டபாணி. “வண்டி இப்ப எப்படி ஓடுதுன்னு பாரு.”

மறுநாள் காலை வண்டி ராணிப்பேட்டைக்குப் போய் வந்தது. கிழிந்த பில்டர் வழியாகப் போன தூசுக்கு இன்ஜின் இருமியது. வழியெல்லாம் கறுப்புப் புகை. பின்னால் பைக்கில் வந்த யாரோ ஒருவர் முந்தி வந்து வழிமறித்து, இன்பராஜின் அப்பா, தாத்தா எல்லோரையும் விசாரித்துவிட்டுப் போனாராம். வேலூரிலிருந்து மெக்கானிக் வந்து, புது பில்டர் போட்டு, உள்ளே போன தூசையும் எடுத்துவிட்டு, ஊதியது யார் என்று கேட்டார். எல்லோரும் கம்ப்ரெஸரைப் பார்த்தார்கள்.

சாயங்காலம் ரஷீத் அஹமது தானே ஷெட்டுக்கு இறங்கி வந்தார். எழுபதை நெருங்கியவர், வெள்ளை ஜிப்பா, மெதுவான நடை. கம்பெனி ஒரே தகர ஷெட்டாக இருந்த காலத்தில் அவரும் கோதண்டபாணியும் சேர்ந்தே தோல் அடுக்கியவர்கள்.

“கோதண்டம், சாப்ட்டியா?”

“ஆச்சு முதலாளி.”

“வெயில் ஜாஸ்தியா இருக்குது. நீ ஏம்பா அலையிறே? போய்க் கொஞ்சம் படு.”

கோதண்டபாணிக்குக் கண் கலங்கிவிட்டது. எந்த முதலாளி இப்படிக் கேட்பார்?

“இல்ல முதலாளி. மைலேஜ் சரியாகிற வரைக்கும் எனக்குத் தூக்கம் கிடையாது.”

ரஷீத் அஹமதுவின் முகம் மாறியது. “அப்படியெல்லாம் சொல்லாதப்பா. ஒடம்பு முக்கியம். மைலேஜ் கெடக்குது.”

“மெஹக் பாப்பா கேட்டிருக்குதே முதலாளி.”

“அது சின்னப் பொண்ணு,” என்றவர், இன்பராஜை ஒரு பார்வை பார்த்துவிட்டு மாடி ஏறிப் போனார். இவ்வளவு நல்ல மனிதருக்காக எதையும் செய்யலாம் என்று கோதண்டபாணிக்குத் தோன்றியது. செய்யவும் ஆரம்பித்தார்.

அடுத்தது எடை. இரவு முழுக்க மொபைலில் வீடியோ பார்த்ததில், வண்டி கனமாக இருந்தால் டீசல் குடிக்கும் என்று தெரிந்துகொண்டார். மறுநாள் நான்கு ஆட்களை வைத்து பிரிட்ஜை இறக்கினார். அடுப்பை இறக்கினார். தண்ணீர்த் தொட்டி, மேஜை, திரைச்சீலைக் கம்பி, கடைசியில் சோபா. கூரையைப் பார்த்தார். வீடியோவில் காற்றுத் தடை என்றும் ஒன்று சொல்லியிருந்தார்கள்.

“அந்த பேனலையும் கழட்டுங்கப்பா. காத்த இழுத்துப் புடிக்குது.”

“சார், அது…” என்றான் இன்பராஜ்.

“இன்னாய்யா?”

இன்பராஜ் மாடியைப் பார்த்தான். “ஒண்ணும் இல்ல சார்.”

ஷெட்டைப் பெருக்கிக்கொண்டிருந்த கண்ணம்மாள் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் எதற்கும் சிரிப்பவள் என்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

அன்று இவ்வளவு சாமானை இறக்கி வைத்த அலுப்பில், கோதண்டபாணி காலி வண்டிக்குள்ளேயே ஒரு பாயை விரித்துப் படுத்துவிட்டார். டீ மணி அடித்ததுகூடத் தெரியாமல், ஷிப்ட் முடிந்து வேன்கள் கிளம்பும் சத்தத்தில்தான் எழுந்தார். பேனலைக் கழற்றிய பிறகும் உள்ளே ஜில்லென்றுதான் இருந்தது. ‘பேட்டரில எவ்ளோ சேத்து வெச்சிருக்குது பாரு’ என்று வண்டியைத் தட்டிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

இரண்டு நாளில் ஜெர்மனியிலிருந்து ஒரு பையர் வந்து இறங்கினார். அவரை ஏற்றிவர வண்டி சென்னைக்குப் போனபோது உள்ளே இருந்தது ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலி எடை குறைவு என்று கோதண்டபாணிதான் பொறுக்கி எடுத்துப் போட்டிருந்தார். வழவழவென்று தரை. ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஒரு மாடு குறுக்கே வந்தது. இன்பராஜ் பிரேக் போட்டான். பின்பக்கம் உட்கார்ந்திருந்த ஜெர்மனிக்காரர் நாற்காலியோடு டிரைவரின் தடுப்புப் பலகை வரைக்கும் வந்துவிட்டார். வண்டி கிளம்பியதும் நாற்காலியோடு பின்கதவு வரை திரும்பிப் போனார். ஆம்பூர் வந்து சேர்வதற்குள் இப்படி எத்தனை முறை போய் வந்தார் என்று இன்பராஜ் எண்ணவில்லை. பையர் இறங்கியதும் மெஹக்கிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். கம்பெனி நல்ல நிலைமையில்தான் இருக்கிறதா?

சோபா மறுநாள் காலையிலேயே வண்டிக்குள் திரும்பிவிட்டது.

“அங்கிள்,” என்றாள் மெஹக். “இப்போ அஞ்சு.”

“அஞ்சா? இவ்ளோ எறக்கியுமா?”

“இறக்க இறக்கக் குறையுது. எனக்கே புரியல.”

கோதண்டபாணி உட்கார்ந்து யோசித்தார். இன்ஜினில் குறையில்லை, மெக்கானிக் பார்த்துவிட்டார். எடையும் இல்லை. அப்படியானால் டீசல் வண்டிக்குள் எரியவே இல்லை, வெளியே போகிறது. திருட்டு! இவ்வளவு நாள் இது தோன்றாததற்குத் தன்னையே திட்டிக்கொண்டார். நேராக இன்பராஜிடம் போனார்.

“நெஞ்சத் தொட்டு சொல்லு. டீசல் எங்க போகுதுன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

இன்பராஜ் மாடியைப் பார்த்தான். “தெரியும் சார்.”

“ஆங்! அப்ப சொல்லு.”

“சொல்லக் கூடாது சார்.”

“யாரு சொல்லக் கூடாதுன்னது?”

“அதையும் சொல்லக் கூடாது சார். சொன்னா என் வேல போய்டும். ரெண்டு பொண்ணுங்க படிக்குதுங்க சார். என்ன பேஜார்ல மாட்டி வுடாதீங்க.”

கோதண்டபாணி அவன் தோளில் கை வைத்தார். நல்லவன். பின்னால் ஏதோ பெரிய கும்பல் இருந்து இவனை மிரட்டுகிறது. நெடுஞ்சாலை ஓரம் டீசல் உறிஞ்சும் கூட்டங்களைப் பற்றியும் அவர் வீடியோ பார்த்திருந்தார்.

“நீ எதுவும் சொல்ல வேணாம். நான் பாத்துக்கறேன்.”

“நீங்க எதுவும் பாக்காம இருந்தாலே போதும் சார்,” என்றான் இன்பராஜ், மனதார.

டீசல் டேங்கின் மூடிக்குப் பூட்டுப் போட்டால் கள்ளச் சாவியில் திறப்பார்கள். அதனால் அவர் சாம்பிள் ரூமுக்குப் போனார். புது மாடல் ஷூக்களை முதன்முதலில் தைத்துப் பார்ப்பது அங்கேதான். மாஸ்டர் சுப்பராயன் இத்தாலிக்கு அனுப்ப வேண்டிய ஒரு ஜோடியை மடியில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

“மாஸ்டர், அத அப்பறம் தைக்கலாம். இது அவசரம். டேங்க் மூடி மேல ஒரு தோல் உறை வேணும். தெறந்தா தையல் பிரிஞ்சி நமக்குத் தெரியணும்.”

“இன்னிக்கு கூரியர் போவணும் சார் இது.”

“கூரியர் நாளைக்கும் வரும். திருடன் இன்னிக்கே வருவான்.”

சுப்பராயன் தொழிலில் கெட்டிக்காரர். எதைத் தைத்தாலும் முழு மனதோடு தைப்பவர். நல்ல கறுப்புத் தோலை வெட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வந்து, மூடியின் மேல் இழுத்துப் போர்த்தி, ஓரமெல்லாம் சொல்யூஷன் தடவி ஒட்டி, அதன் மேல் இரட்டைத் தையலும் போட்டார்.

“தண்ணி எறங்குமா மாஸ்டர்?”

“தண்ணியா? காத்து கூட எறங்காது சார்.”

அதுதான் தொல்லையாகப் போயிற்று. டேங்கில் டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதற்கு மூடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். அதையும் சேர்த்துச் சுப்பராயன் அழகாக ஒட்டியிருந்தார். மறுநாள் ஜெர்மனிக்காரரை விமானத்துக்கு ஏற்றிவிடக் கிளம்பிய வண்டி, வாலாஜாபேட்டை வரை நன்றாகப் போயிற்று. டோல்கேட் வரிசையில் டீசல் ஏறாமல் திக்கித் திணறி நின்றது. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. டேங்க் நிறைய டீசல் இருந்தது, சோபாவில் பையரும் இருந்தார், வண்டி மட்டும் நகரவில்லை. இன்பராஜ் போன் போட்டான்.

“சார், மூடிய தெறக்கணும். தையல அறுக்கட்டுமா?”

“அறுக்காதே! அதுதான்யா நம்ம சாட்சி!”

“சார், பின்னால லாரிக்காரன் கைய ஓங்கிக்கினு வர்றான் சார்.”

“சரி, அறு.”

தையலை அறுத்து மூடியைத் திருகியதும் டேங்க் ‘ஹா’ என்று பெரிதாகக் காற்றை இழுத்ததாம். வண்டியும் கிளம்பிவிட்டது. விமானம் அதற்காகக் காத்திருக்கவில்லை. ஜெர்மனிக்காரர் அன்றிரவு சென்னையில் தங்கி, தன் ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும், இனி தரம் பார்க்கிற வேலையை வீடியோ காலிலேயே முடித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். கூரியரைத் தவறவிட்ட இத்தாலி சாம்பிள் சுப்பராயனின் மடியிலேயே இருந்தது.

மாதக் கடைசிக்கு இன்னும் ஒரு வாரம். கோதண்டபாணிக்கு இருந்தது ஒரே வழி. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

காலையிலும் மாலையிலும் ஷெட்டில் ஆள் நடமாட்டம் இருக்கும். மத்தியானம்தான் வெறிச்சோடிக் கிடக்கும். ஆகவே திருடன் மத்தியானம்தான் வருவான். சாப்பாட்டு மணி அடித்ததிலிருந்து ஷிப்ட் முடிகிற வரைக்கும் கேரவனுக்குள் ஒளிந்திருப்பது என்று முடிவு செய்தார். கையில் ஒரு டார்ச், ஒரு விசில், பக்கத்தில் சாம்பிள் ரூமிலிருந்து கொண்டு வந்த ஒரு மரச் சுத்தியல். சன்னலுக்கெல்லாம் அட்டை ஒட்டினார்.

“கண்ணம்மா, நான் உள்ள இருக்கறது யாருக்கும் தெரியக் கூடாது.”

“சரி சார். எவ்ளோ நேரம் இருப்பீங்க?”

“திருடன் வர்ற வரைக்கும்.”

“நல்லா இருங்க சார், யாரும் தொந்தரவு பண்ணாம பாத்துக்கறேன்,” என்றாள் கண்ணம்மாள். அவள் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தைப் பார்த்து, கம்பெனியின் மேல் இவளுக்கும் எவ்வளவு பற்று என்று அவர் வியந்தார். முதல் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு உள்ளே போய்ச் சோபாவில் உட்கார்ந்தார். சன்னல் மூடியிருந்ததால் நல்ல இருட்டு, நல்ல குளிர்ச்சி. கண்ணை மூடினால் காது நன்றாகக் கேட்கும் என்று ஐந்தே நிமிடம் மூடினார்.

கண்ணம்மாள் கதவைத் தட்டி எழுப்பியபோது ஷிப்ட் முடிந்திருந்தது.

“யாராச்சும் வந்தாங்களா கண்ணம்மா?”

“ஈ காக்கா வர்ல சார்.”

“பாத்தியா? நான் இருக்கறது தெரிஞ்சிடுச்சு.”

அந்த வாரம் முழுக்க இப்படியே போயிற்று. கம்பெனியிலும் அந்த வாரம் ஒரு வம்பும் இல்லை. தேங்கிக் கிடந்த சரக்கு லாரி ஏறியது, சுப்பராயன் இத்தாலி ஷூவைத் தைத்து அனுப்பிவிட்டார். எல்லாம் கூடி வருகிற மாதிரித்தான் கோதண்டபாணிக்கும் தோன்றியது. மாதத்தின் கடைசி நாளன்று காலை மெஹக் கணக்குப் பார்த்தாள்.

நாலு.

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. வருத்தம்தான் வந்தது. சின்ன வயதில் தன்னைச் சைக்கிளில் உட்கார வைத்துக் கம்பெனியைச் சுற்றிக் காட்டிய மனிதரிடம், வண்டியை விற்கப் போகிறேன், உங்களுக்கு இனி வேலை எதுவும் இல்லை, சும்மா வந்து உட்கார்ந்துவிட்டுப் போங்கள் என்று எப்படிச் சொல்வது? எப்படியும் நேரில்தான் சொல்ல வேண்டும். மத்தியானம் அவருடைய அறையில் தேடினாள், இல்லை. ஷெட்டில் இருப்பார் என்று யாரோ சொன்னார்கள். வெயிலில் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

கேரவன் கதவுக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்த கண்ணம்மாள், அவளைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தாள்.

“அங்கிள் உள்ள இருக்காரா?”

“காவல் இருக்காரும்மா,” என்றாள் கண்ணம்மாள் மெதுவாக.

சன்னலில் ஒட்டியிருந்த அட்டையின் ஓரம் கொஞ்சம் பிரிந்திருந்தது. மெஹக் அந்த இடுக்கில் பார்த்தாள். கோதண்டபாணி சோபாவைக் கட்டிலாக விரித்து, நெஞ்சின் மேல் டார்ச்சை வைத்துக்கொண்டு, வாயை லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது. திரும்பும்போது அவள் காலில் சூடான காற்று அடித்தது. குனிந்து பார்த்தாள். சைலன்சரிலிருந்து வந்தது. முன்பக்கம் போய் பானெட்டின் மேல் கை வைத்துப் பார்த்தாள். கம்ப்ரெஸர் சத்தத்தில் காதுக்குக் கேட்காதது கைக்குத் தெரிந்தது.

“இன்ஜின் ஓடுது!”

“மெதுவாம்மா, மெதுவா.”

“ஏசி சோலார்லதான் ஓடுதுன்னு அங்கிள் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்காரே? மேல பேனலே இல்லையே!”

“அது இருந்தப்ப மட்டும் இன்னா? அது ரெண்டு லைட்டுக்குதான்னு இன்பராஜ் சொல்வாரு. வண்டி நிக்கிறதே தகரத்துக்குக் கீழ, வெயில் எங்கம்மா படுது அதும்மேல?”

 மெஹக்குக்கு எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக விளங்கியது. கோடை வந்ததும் மைலேஜ் குறைந்தது. அவர் அலைந்து அலுத்து அதிகம் தூங்கத் தூங்க இன்னும் குறைந்தது. காவல் இருந்த வாரத்தில் அடியோடு போய்விட்டது. திருடன் தானே என்று தெரியாமல் உள்ளேயே படுத்துக்கொண்டு திருடனைத் தேடியிருக்கிறார்.

“யாரு ஸ்டார்ட் பண்றது இத?”

“இன்பராஜ்தான். சாரு சாப்ட்டுட்டு வர்றதுக்குள்ள போட்டு ஜில்லுனு ஆக்கி வெச்சிடுவாரு. அவரு தூங்குனப்பறம் நான் இங்க உக்காந்துப்பேன்.”

“அங்கிளுக்குத் தெரியுமா?”

“சத்தியமா தெரியாதும்மா. வெள்ள மனசு.”

“எல்லாரும் சேந்து இது என்ன வேல? தள்ளுங்க. அவர எழுப்பி நானே சொல்றேன். இந்த வண்டிய இன்னிக்கே விக்கச் சொல்றேன்.”

மெஹக் கதவின் கைப்பிடியில் கை வைத்தாள். இத்தனை வருடத்தில் முதலாளி வீட்டார் யாருக்கும் குறுக்கே பேசாத கண்ணம்மாள், ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து கதவில் முதுகைச் சாய்த்து, இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டாள்.

“அய்யோ, வித்துடாதீங்கம்மா! தெனம் மத்தியானம் ஸ்டார்ட் பண்ணி வெக்கச் சொன்னதே உங்க அப்பாதான். கோதண்டம் தூங்கினா போற டீசல் ரொம்ப கம்மி, முழிச்சிக்கினு இருந்தா ஆவுற செலவுதான் ஜாஸ்தின்னாரு.”